செல்லுக்கும் பழகிப்போகும்

உயிருள்ளவை எவை, உயிரற்றவை எவை என்று பிரித்துக் காட்ட எல்லாப் பாடப்புத்தகங்களும் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. உணவு எடுக்கும், சுவாசிக்கும், வளரும், கழிவை வெளியேற்றும், இனப்பெருக்கம் செய்யும், நகரும். அப்புறம் கடைசியில், போகிற போக்கில் ஒன்று: தூண்டலுக்குத் துலங்கல் காட்டும். உயிரியல் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலான வகுப்புகள் அரை நிமிடத்தில் தாண்டிப்போகின்றன. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டால் சுருங்கும், சூடான பாத்திரத்தில் கை பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம், சரி, அடுத்த பாடம்.

ஒருமுறை ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "காலிங் பெல்லை அழுத்தினாக்கூடத்தான் சத்தம் போடுது. அதுவும் துலங்கல்தானே, மிஸ்?" வகுப்பு சிரித்தது. ஆனால் இதைவிட நல்ல கேள்வியை அந்தப் பாடத்தில் யாரும் கேட்டுவிட முடியாது. தூண்டினால் ஏதோ நடக்கிறது என்பதுதான் அளவுகோல் என்றால், அழைப்பு மணி, எலிப்பொறி, புகையைக் கண்டால் அலறும் கருவி எல்லாமே தேர்வில் பாஸ்.

இதற்குப் பல வகையில் பதில் சொல்லலாம். எனக்குப் பிடித்த பதில் இது: அழைப்பு மணியை நூறு முறை அழுத்தினால் நூறு முறையும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஒரு செல்லிடம் அது நடக்காது. நூறாவது முறைக்கு வெகு முன்பே அது உங்களைக் கண்டுகொள்வதை நிறுத்தியிருக்கும். களைத்துப்போய் நிறுத்துவதில்லை. 'இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்' என்று கணக்கில் எழுதிவிட்டு நிறுத்துகிறது. துலங்கல் என்ற பாடத்தில் பாதி இந்தப் பழகிப்போதல்தான் என்பது என் கட்சி. பாடப்புத்தகங்கள் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

கதையைச் சவ்விலிருந்து தொடங்க வேண்டும். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்ததும், சின்னச் சின்ன அறைகளைக் கண்டு 'செல்' என்று பெயர் வைத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் சுவர்களை மட்டும். சில ஆண்டுகள் கழித்து, டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆன்டனி வான் லீவன்ஹூக் தன் கையால் தேய்த்த வில்லைகள் வழியாக ஏரி நீரையும் மழை நீரையும் பார்த்தபோதுதான், ஒற்றைச் செல்லாகவே வாழும் உயிர்கள் மனிதக் கண்ணுக்குத் தட்டுப்பட்டன. அவை நீந்தின, திரும்பின, சுழன்றன. ஹூக்குக்கு அறை கிடைத்தது, லீவன்ஹூக்குக்கு அதில் குடியிருப்பவர் கிடைத்தார்.

ஹூக் பார்த்த சுவர் எல்லாச் செல்லுக்கும் கிடையாது. விலங்குச் செல்களுக்குச் சுவரே இல்லை. ஆனால் சவ்வு இல்லாத செல் இல்லை. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று உருவாக்கும் இந்தப் படலத்தின் தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். இதற்குள்ளே ஆங்காங்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன. சில கதவுகள், சில உணரிகள், சில எக்கிகள். விலங்குச் செல்களில் சோடியம்-பொட்டாசியம் எக்கி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். ஒரு சுற்றுக்குக் கூலி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று. வெளியே தள்ளிய சோடியம் திரும்பத் திரும்ப உள்ளே கசிகிறது, எக்கியும் திரும்பத் திரும்ப வெளியேற்றுகிறது. ஓட்டைப் படகில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் தண்ணீர் இறைப்பது போன்ற வேலை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிப்பதற்கு இந்த இறைப்பு வேலை ஒரு முக்கியக் காரணம்.

எதற்கு இவ்வளவு பாடு? தயாராக இருப்பதற்கு. சும்மா இருக்கும் நரம்புச் செல்லின் சவ்வுக்குக் குறுக்கே சுமார் 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது, உட்பக்கம் எதிர்மின். கேட்கச் சொற்பமாகத் தெரியும். ஆனால் அது நிற்பது சில நானோமீட்டர் தடிமனுக்குக் குறுக்கே. மீட்டருக்கு இவ்வளவு வோல்ட் என்று கணக்குப் போட்டால் ஒரு கோடி வோல்ட் அளவில் வரும். தூண்டல் செய்வதெல்லாம் ஒரு கதவைத் திறப்பது மட்டும்தான். அதன் பிறகு பாயும் ஆற்றல் முழுவதும் செல் முன்கூட்டியே உழைத்துச் சேர்த்து வைத்தது. அழைப்பு மணிக்கு மின்சாரம் வேறெங்கிருந்தோ வருகிறது. செல் தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கிறது, அதைத் தயாரிப்பது நின்றால் செத்துப்போகிறது.

இப்போது பாக்டீரியாவுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஈ. கோலை என்ற பாக்டீரியா நம் குடலில் வாழ்வது. நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். உடம்பில் சாட்டை போன்ற சில கசையிழைகள், ஒவ்வொன்றின் அடியிலும் சுழலும் ஒரு மோட்டார். மோட்டார் என்பது இங்கே அலங்காரப் பேச்சில்லை, புரதங்களால் ஆன அச்சு உண்மையிலேயே நொடிக்கு நூறு சுற்று என்ற அளவில் சுற்றுகிறது. எல்லா மோட்டார்களும் இடஞ்சுழியாகச் சுற்றினால் இழைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கற்றையாகி, பாக்டீரியா நேராக நீந்தும். சில மோட்டார்கள் வலஞ்சுழிக்கு மாறினால் கற்றை பிரிந்துவிடும், பாக்டீரியா நின்ற இடத்திலேயே புரளும். பிறகு மறுபடி கற்றை சேரும்போது முகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் ஓட்டம். ஓட்டம் சுமார் ஒரு நொடி, புரளல் அதில் பத்தில் ஒரு பங்கு. ஒற்றை பாக்டீரியாவை விடாமல் பின்தொடரும் நுண்ணோக்கி ஒன்றை உருவாக்கி, ஹோவர்ட் பெர்க் 1972-இல் இதைத் துல்லியமாக அளந்து காட்டினார்.

கவனியுங்கள், இதற்கு ஸ்டியரிங் கிடையாது. இடதுபக்கம் உணவு இருக்கிறது என்று இடதுபக்கம் திரும்ப இதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: நிலைமை தேறிவருகிறது என்றால் புரளலைத் தள்ளிப்போடுவது. தேறவில்லை என்றால் வழக்கம்போலப் புரண்டு அதிர்ஷ்டத்தைச் சோதிப்பது. அவ்வளவுதான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு உணவு அதிகமுள்ள பக்கம் அது கூட்டமாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

'தேறிவருகிறது' என்பதை அது எப்படி அறிகிறது? உடம்பின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிடுகிறதா, அல்லது இந்தக் கணத்தையும் சற்று முந்தைய கணத்தையும் ஒப்பிடுகிறதா? அதே 1972-இல் ராபர்ட் மேக்னாப், டேனியல் கோஷ்லாண்ட் இருவரும் சால்மொனெல்லாவை வைத்து ஓர் அருமையான சோதனை செய்தார்கள். பாக்டீரியா நீந்தும் திரவத்தில் அதற்குப் பிடித்த அமினோ அமிலத்தைச் சட்டென்று கலந்து, எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவச் செய்தார்கள். இப்போது முன்னும் பின்னும், இடமும் வலமும் எல்லாம் ஒன்றுதான். திசை என்று எதுவும் இல்லை. ஆனாலும் பாக்டீரியாக்கள் புரளுவதை விட்டுவிட்டு நேராக ஓடத் தொடங்கின! அவற்றைப் பொறுத்தவரை சற்றுமுன் இருந்ததைவிட இப்போது நிலைமை மேல். ஒப்பீடு காலத்தில் நடக்கிறது என்பது இதில் உறுதியானது.

அதைவிட எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து நடந்தது. சற்று நேரம் கழித்து அவை பழையபடி ஓடிப் புரண்டு ஓடும் பழக்கத்துக்குத் திரும்பிவிட்டன. அமினோ அமிலம் எங்கும் போய்விடவில்லை, அதே அளவில் சுற்றிலும் இருக்கிறது. ஆனால் அது செய்தியாக இருந்த காலம் முடிந்துவிட்டது.

இதன் உள்வேலை இப்போது நன்றாகவே தெரியும். பாக்டீரியாவின் ஒரு முனையில், வெளியே உள்ள மூலக்கூறுகளைப் பிடித்து உணரும் ஏற்பிப் புரதங்கள் கொத்தாக இருக்கின்றன. உணவு மூலக்கூறு வந்து ஒட்டினால் அவை உள்ளே அனுப்பும் 'புரளு' என்ற சமிக்ஞை உடனே குறைகிறது. அதே சமயம் வேறொரு நொதி மெதுவாக அந்த ஏற்பிகளின் மேல் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகளை ஏற்றுகிறது. மெத்தில் ஏற ஏற, ஏற்பியின் உணர்திறன் குறைந்து சமிக்ஞை பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஆக, எவ்வளவு மெத்தில் ஏறியிருக்கிறது என்பதே கொஞ்ச நேரத்துக்கு முன்பு உலகம் எப்படி இருந்தது என்பதன் பதிவு. வேகமான வேலை ஒன்று, மெதுவான வேலை ஒன்று, இரண்டுக்கும் இடையிலான அந்தக் காலதாமதம்தான் நினைவு. மூளை இல்லை, நரம்பு இல்லை, உட்கருகூட இல்லை. சில நொடி நினைவு மட்டும் இருக்கிறது.

பாக்டீரியாவைவிடப் பல நூறு மடங்கு பெரிய ஒற்றைச் செல் உயிர்களிடம் போனால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. ஸ்டென்டர் என்று ஒன்று உண்டு. ஊதுகொம்பு வடிவம், சில வகைகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். குளத்து நீர்ச் சொட்டில் இது அகப்பட்டால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. அடிப்பகுதியால் ஏதாவது ஒரு இலைத் துணுக்கைப் பற்றிக்கொண்டு, வாயைச் சுற்றியுள்ள மயிர் போன்ற குறுயிழைகளால் நீரைச் சுழற்றி உணவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

1900-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் இதன் வாய்ப்பக்கம் சிவப்புச் சாயத்துகளைத் தூவிப் பார்த்தார். முதலில் உடலை ஒருபக்கமாக வளைத்து விலகியது. தூவல் நிற்காததால் குறுயிழைகளைத் தலைகீழாக அடித்து நீரை வெளியே தள்ளியது. அப்புறமும் நிற்கவில்லை, உடம்பைச் சுருட்டிக்கொண்டது. கடைசியில் பிடியை விட்டுவிட்டு வேறிடம் பார்த்துப் போனது. ஒரே தொல்லைக்கு நான்கு விதமான பதில், அதுவும் சிரமம் குறைந்ததிலிருந்து சிரமம் கூடியதை நோக்கி. ஒரு செல்லால் இது முடியுமா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். இந்தச் சோதனை பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டே கிடந்தது. 2019-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த குழு ஒன்று சாயத்துக்குப் பதில் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தது. எல்லா ஸ்டென்டரும் எல்லாப் படிகளையும் ஏறவில்லை. ஆனால் படிகளின் வரிசை ஜென்னிங்ஸ் சொன்னபடியே இருந்தது. சுருங்கிய பிறகு மறுபடி சுருங்குவதா, இடத்தைக் காலி செய்வதா என்ற முடிவு மட்டும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்ததுபோல் பாதிக்குப் பாதியாக வந்தது.

ஸ்டென்டருக்கும் பழகிப்போகும். அது இருக்கும் கண்ணாடித் தட்டை லேசாகத் தட்டினால் முதலில் சுருங்கும். தட்டிக்கொண்டே இருந்தால் சுருங்குவது குறைந்துகொண்டே வரும். களைப்பாக இருக்கலாமே என்று கேட்கலாம். அந்த நிலையில் பலமாக ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி நன்றாகச் சுருங்கும். ஆகவே தசை ஓய்ந்த மாதிரி விஷயம் இல்லை.

சரி, தொட்டாற்சிணுங்கி. என் ஜன்னலோரத் தொட்டியில் ஒன்று வளர்கிறது. இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சற்றுப் புடைத்த மூட்டு ஒன்று உண்டு, இலையணை என்று புத்தகங்கள் சொல்லும். அந்த மூட்டின் ஒரு பாதிச் செல்களில் நீர் நிரம்பி விறைப்பாக இருப்பதால்தான் இலை விரிந்து நிற்கிறது. தொட்டதும் ஒரு மின்துடிப்பு காம்பு வழியாக நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மூட்டுச் செல்கள் பொட்டாசியம், குளோரைடு அயனிகளை வெளியே விட, அவற்றின் பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. விறைப்பு போய் இலை மடிகிறது. மறுபடி அயனிகளை உள்ளே ஏற்றி, நீரை வரவழைத்து, இலை பழையபடி விரியக் கால் மணி நேரம் அளவில் பிடிக்கும். மடிவது கணத்தில், விரிவது உழைப்பில். அந்தச் சமயத்தில் இலைக்குக் கிடைக்கும் வெளிச்சம் குறைவு. பொய்யான மிரட்டலுக்கெல்லாம் மடிவது செடிக்கு நஷ்டம்.

செடிகளின் இந்த மின்துடிப்புகளைத் தானே வடிவமைத்த நுட்பமான கருவிகளால் அளந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். அவர் காலத்தில் பல ஐரோப்பிய உடலியலாளர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். செடிகளிலும் மின் சமிக்ஞை ஓடுகிறது என்ற அவருடைய அடிப்படைக் கூற்று இன்று சாதாரணப் பாட விஷயம். அவருக்கும் முன்பே பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்டு, தொட்டாற்சிணுங்கியை ஈதர் ஆவியில் வைத்தால் தொட்டாலும் மடியாது, ஆவி விலகியதும் பழையபடி மடியும் என்று காட்டியிருந்தார். மனிதனை மயக்கும் மருந்து செடியையும் 'மயக்குகிறது' என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில், அநேகமாகச் சவ்வில், அது வேலை செய்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழகிப்போதலுக்கு மிகப் பழைய சாட்சி ஒன்றும் இந்தச் செடியிடம் இருக்கிறது. பிரெஞ்சுத் தாவரவியலாளர் ரெனே தேஃபோன்தேன் ஒரு தொட்டாற்சிணுங்கியைக் குதிரை வண்டியில் ஏற்றிப் பாரீஸ் தெருக்களில் சுற்ற வைத்தார். வண்டி குலுங்கத் தொடங்கியதும் இலைகள் எல்லாம் மூடிக்கொண்டன. குலுக்கல் தொடர்ந்துகொண்டே இருக்க, இலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. 2014-இல் மோனிகா காக்லியானோவும் உடன் ஆய்வாளர்களும் இதையே ஆய்வகத்தில் ஒழுங்காகச் செய்தார்கள். தொட்டியைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் திரும்பத் திரும்ப விழவிட்டார்கள். செடிகள் சீக்கிரமே மூடுவதை நிறுத்திக்கொண்டன. வேறு மாதிரி உலுக்கினால் மூடின. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து விழவிட்டபோதும் அவற்றுக்கு அந்தப் பழக்கம் போயிருக்கவில்லை.

'செடி யோசிக்கிறது', 'செடிக்கு அறிவு இருக்கிறது' என்று இதற்குத் தலைப்பு போடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பாக்டீரியாவின் மெத்தில் கணக்கைப் பார்த்தோமே, பழகிப்போக யோசனை தேவையில்லை. அதே சமயம், 'வெறும் வேதியியல்' என்று தள்ளிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. நம் மூளையில் நடப்பது மட்டும் வேறென்னவாம்?

பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் பொறித்தாவரம் இதையே வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. அதன் இலைப்பொறிக்குள் உள்ள உணர்மயிரை ஒருமுறை தொட்டால் ஒன்றும் ஆகாது. ஏறக்குறைய இருபது நொடிக்குள் இரண்டாம் முறை தொட்டால்தான் பொறி மூடும். ஒரு மழைத்துளி ஒருமுறை படும், பூச்சி மறுபடி மறுபடி படும். மூடிய பிறகும் உள்ளே துடிப்பு தொடர்ந்தால் மட்டுமே செரிமான நொதிகள் சுரக்கும்.

இவ்வளவும் நரம்பில்லாமலே நடக்கிறது என்றால் நரம்பு எதற்கு? தூரத்துக்காக. ஒரு சிறு மூலக்கூறு தானாகப் பரவி ஒரு செல்லின் அகலத்தை, அதாவது 10 மைக்ரோமீட்டரை, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அந்தக் கணக்கில் ஒரு மீட்டரைக் கடக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். பல செல் உயிர்கள் பெரிதாக வளர வேண்டுமானால் செய்தி அனுப்ப வேறு வழி வேண்டும். ரத்த ஓட்டத்தில் ஹார்மோனை விடுவது ஒரு வழி. ஒரு செல்லையே மீட்டர் கணக்கில் நீட்டி அதன் சவ்வில் மின்துடிப்பை ஓட்டுவது இன்னொரு வழி. நம் தண்டுவடத்தின் அருகிலிருந்து கால் பெருவிரல் வரை போகும் நரம்பிழை ஒற்றைச் செல்லின் பகுதிதான்.

நரம்புத் துடிப்பு கணப்பொழுதில் பாய்வதால் அதை அளக்கவே முடியாது என்று பலர் நினைத்திருந்தார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் தவளையின் நரம்பில் அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர். இந்த வேகத்தை நீங்களே உணரலாம், ஆனால் விலை கொஞ்சம் அதிகம்: கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொள்ள வேண்டும். இடித்தது தெரியும், சுரீர் என்று ஒரு வலி வரும், பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு அந்த மந்தமான, விண்விண் என்று தெறிக்கும் வலி வந்து சேரும். சுரீர் வலி போகும் இழைகளுக்கு உறை உண்டு, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் போகும். பின்னால் வரும் வலி உறையில்லாத மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து வருகிறது. 'இன்னும் வரவில்லை, இதோ வரப்போகிறது' என்று பல்லைக் கடித்துக் காத்திருக்கும் அந்த இடைவெளி உங்கள் கால் நீளத்தின் கணக்கு.

நரம்பு வந்த பிறகும் பழைய புத்தி போகவில்லை. தோலுக்கடியில் பாசினியன் துகள்கள் என்ற அழுத்த உணரிகள் உண்டு. அழுத்தம் தொடங்கும்போது துடிக்கும், விலகும்போது துடிக்கும், நடுவில் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் மௌனம். சட்டை போட்ட கணத்தில் அதை உணர்கிறோம், அப்புறம் இந்த வரியைப் படிக்கும் வரை அது உடம்பில் இருப்பதே நினைவில் இல்லை.

கண்ணில் இது இன்னும் தீவிரம். ஒரு புள்ளியையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் உள்ள மங்கலான உருவங்கள் மறைந்துபோவதை ட்ராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் 1804-இல் எழுதிவைத்தார். 1950-களில் ஆய்வாளர்கள் ஒருபடி மேலே போனார்கள். கண்ணோடு ஒட்டிய வில்லையில் சிறு ஒளியமைப்பைப் பொருத்தி, கண் எப்படி அசைந்தாலும் பிம்பம் விழித்திரையின் அதே இடத்தில் விழும்படி செய்தார்கள். சில நொடிகளில் பிம்பம் மறைந்துவிட்டது. கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் விழுகிறது, காட்சி இல்லை! நாம் எதையாவது 'அசையாமல்' பார்க்கும்போதும் கண்கள் நுட்பமாக நடுங்கிக்கொண்டே இருப்பதால்தான் உலகம் மறையாமல் இருக்கிறது. விழித்திரைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றின் நிழல் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதால் அதை நாம் பார்ப்பதே இல்லை.

வலி மட்டும் இந்த விதிக்கு அவ்வளவாக அடங்குவதில்லை. சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினுக்கும் அதே கதவு திறப்பதால்தான் காரம் நமக்குச் சூடாகத் தெரிகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸும், அழுத்தத்தை உணரும் ஏற்பிகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அடிபட்ட இடத்தில் வீக்கம் வந்ததும் அங்குள்ள வலி உணரிகள் மரத்துப்போவதற்குப் பதில் மேலும் கூர்மையாகின்றன. வெயிலில் கன்றிய தோலில் வெதுவெதுப்பான நீர் பட்டாலே எரிவது இதனால்தான். காயத்துக்குப் பழகிப்போவது ஆபத்து.

இதையெல்லாம் சொல்லிவிட்டு உடலுக்குள் நடப்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதை. செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் இதே ஏற்பிகள், இதே பழக்கம். இன்சுலின் தொடர்ந்து அதிகமாக இருந்தால் செல் தன் பரப்பில் உள்ள இன்சுலின் ஏற்பிகளில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இது மட்டுமே காரணம் இல்லை, செல்லுக்குள்ளே சமிக்ஞை போகும் பாதையிலும் பல கோளாறுகள் உண்டு. ஆனாலும் இன்சுலின் ரத்தத்தில் நிறைய இருக்கும்போதே செல் அதைக் கேட்காமல் இருப்பதை 'செல் கெட்டுவிட்டது' என்று மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓயாத சத்தத்துக்கு ஒரு செல் வழக்கமாகச் செய்வது எதுவோ, அதில் ஒரு பங்கும் அங்கே இருக்கிறது. வலி மருந்துகளில் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகைக்கு நாளடைவில் அளவைக் கூட்ட வேண்டிவருவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அப்படியானால் செல்லிடம் தொடர்ந்து பேச வேண்டிய ஹார்மோன் என்ன செய்யும்? விட்டுவிட்டுப் பேசும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை ஏறத்தாழ ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு துடிப்பாகச் சுரக்கிறது. அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி வேறு இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. அவை சினைப்பையையும் விரைகளையும் இயக்குகின்றன. எர்னஸ்ட் நோபிலின் குழு 1978-இல் ரீசஸ் குரங்குகளில் இதைச் சோதித்தது. சொந்தமாக இந்த ஹார்மோன் சுரக்காதபடி செய்யப்பட்ட குரங்குகளுக்கு மணிக்கு ஒருமுறை துடிப்பாகக் கொடுத்தபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி சுரப்பதைக் கைவிட்டது. துடிப்புக்குத் திரும்பியதும் மறுபடி சுரந்தது.

மருத்துவர்கள் இதை அப்படியே கையில் எடுத்துக்கொண்டார்கள். முன்னேறிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு, விரைகள் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைக் குறைப்பது ஒரு முக்கியச் சிகிச்சை. அதற்குக் கொடுக்கும் லியூப்ரோலைடு என்ற மருந்து ஜி.என்.ஆர்.எச்.-ஐத் தடுப்பது இல்லை, அதைப் போலவே ஏற்பியைத் தூண்டுவது. ஆனால் இடைவெளி விடாமல் தூண்டுவது. முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டீரோன் குறைவதற்குப் பதில் ஏறும், நோயாளியின் எலும்பு வலிகூட அதிகமாகலாம். அந்த நாள்களைத் தாண்டுவதற்காக, டெஸ்டோஸ்டீரோன் செல்களில் வேலை செய்யாமல் தடுக்கும் வேறொரு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பிட்யூட்டரிக்கு அந்த ஓயாத சமிக்ஞை பழகிப்போய்விடும். அதன் பிறகு டெஸ்டோஸ்டீரோன் சரசரவென்று இறங்கும்.